மருத்துவப் பக்கத்தில் நான் எழுதியது

நித்தி,

நீ நலமாக இருக்கிறாய் என்பது காலையில் அனுப்பிய விடுதிச் சாப்பாட்டுத் தட்டின் படத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிக்கும் பத்தியைத் தாண்டிப் போகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் உனக்கென்று ஆரம்பிக்கவில்லை. போன வாரம் உன் பழைய பள்ளியிலிருந்து சுமா மேடம் கூப்பிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு சின்னக் கையேடு போடுகிறார்களாம். கோடை விடுமுறை முகாம்களுக்கு, அதுவும் ஒரே சமயத்தில் நாலைந்துக்கு, எப்படி விண்ணப்பிப்பது என்று அனுபவப்பட்ட ஒரு அம்மா எழுத வேண்டும் என்றார்கள். "அஞ்சு போட்டு நாலு சிக்கித்தல்லா, கெடச்சிச்சில்ல மேடம், உங்களவிட யாரு எழுதுவாங்க? தமிழ்லயே எழுதுங்க, நாங்க கன்னடத்துல மாத்திக்கிறோம்." பெருமையாக இருந்தது, சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்து முதல் குறிப்பை எழுதினேன்: 'விண்ணப்பம் பிள்ளையுடையது, பெற்றோர் அதில் கை வைக்கக் கூடாது.' எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை. நாலு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது, நீ ஆசைப்பட்ட அந்த ஒன்று, ஏன் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்லாமல் ஊருக்குக் குறிப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்றரை வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

அந்த ஜனவரி மாதத்தை நினைத்துப் பார். நம் சாப்பாட்டு மேசையே ஒரு அலுவலகம் மாதிரி இருந்தது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கட்டினோம். ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு வரிசை: கடைசி நாள், கட்டுரை எத்தனை, எந்த ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம், பெற்றோர் பக்கம் உண்டா இல்லையா. இரண்டு கனவுக்கு, இரண்டு நடுவாந்திரமாக, ஒன்று கட்டாயம் கிடைப்பதாக, இப்படித்தான் ஐந்தைப் பிரிக்க வேண்டும் என்று சுமா மேடம் சொல்லிக்கொடுத்த கணக்கு. கணிதம் ஒன்று, ரோபோ செய்வது ஒன்று, எழுத்துப் பயிற்சி ஒன்று, புனேயில் பொருளாதாரம் ஒன்று. ஐந்தாவது மலைநாட்டுக் காட்டுக்குள் இருக்கும் அந்தக் கள ஆய்வு நிலையம். நாலு வாரம் அங்கேயே தங்கித் தவளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். எல்லாப் படிவமும் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டது. நமக்கோ இனிஷியலைத் தவிர ஒன்றும் கிடையாது. ஒன்றில் அப்பா பெயரைப் போட்டாய், ஒன்றில் உன் பெயரையே இரண்டு முறை போட்டாய், இன்னொன்றில் வெறும் ஆர் என்று போட்டதும் சிவப்பாக எழுத்து வந்தது. "ஓரெழுத்தெல்லாம் ஒரு பேரான்னு கேக்குதும்மா," என்றாய். நானும் நீயும் சிரித்த சிரிப்பில் காபி கொட்டி ரோபோ முகாமின் வரிசையே அழிந்துபோனது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்களை எண்ணச் சொன்னால் அந்த ஜனவரியைக் கட்டாயம் சேர்ப்பேன். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

நாலு படிவங்களை நீ கடமைக்கு எழுதினாய். தவளைப் படிவத்தை மட்டும் பதினொரு முறை திருத்தினாய். அதற்கு முந்தின மழைக்காலம் முழுக்க நம் தெருமுனைக் காலி மனையிலும் சாக்கடை ஓரத்திலும் உட்கார்ந்து நீ பதிவு செய்ததை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சாக்கடையை மோரி என்றே சொல்லும் கீழ் வீட்டு சரசக்கா என்னைப் படியிலேயே நிறுத்திக் கேட்டார்கள்: "ஏம்மா, உன் மவன் மோரிகிட்ட குந்திக்கினு போன நீட்டிக்கினு கீறானே, மோரிக்கு வீடியோ கால் போட்றானா?" "தவளை கத்துறத எடுக்கிறான்க்கா." "தொம்மலூர்ல மனுசன் கத்துறதையே கேக்க ஆளில்ல, இவன் தவளைய கேக்குறானா? நல்லா இருக்கட்டும் போ." நீ அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பதிவில் சரசக்கா குரலும் வேண்டும் என்று கிண்டல் செய்தாய். ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி, ஒன்று பையின் ஜிப்பை இழுக்கிற மாதிரி, ஒன்று தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி என்று இருபத்தாறு பதிவுகளுக்கும் நீயே பெயர் வைத்து, நேரமும் மழை அளவும் குறித்து வைத்திருந்தாய். நானும் விலங்கியல் படித்தவள்தான். எனக்குத் தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், உட்கார்ந்து கேட்கச் சொல்லவில்லை. நீ கேட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை இருந்தும் நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்தப் படிவத்தில் கடைசிப் பக்கம் பெற்றோர் நிரப்ப வேண்டியது. மாணவருக்கு உடல்நலக் குறை ஏதாவது உண்டா, இருந்தால் விவரமாக எழுதவும் என்று ஒரு பெரிய கட்டம். உனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது உனக்கே சரியாக ஞாபகம் இருக்காது. அப்போது நாம் அடுகோடியில், கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. அப்பா ஒரிசாவிலோ சத்தீஸ்கரிலோ ஏதோ ஆலையில் இயந்திரம் பூட்டிக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் பட்டறையில் பெயின்ட் புகை அதிகமாகி, நாலு வயது நீ என் மடியில் விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் மூச்சு வாங்கினாய். ஆட்டோக்காரர் ஓசூர் ரோடு சிக்னல் எதையும் பார்க்காமல் ஓட்டினார். நான் உன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. அந்த எண்ணை இன்றைக்கும் எங்காவது பஸ்ஸிலோ கடைப் பலகையிலோ பார்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். தொம்மலூருக்கு வீடு மாறியபின் மெல்லக் குறைந்தது. நாலாம் வகுப்புக்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. டாக்டரே இன்ஹேலரை நிறுத்தச் சொன்னார். இதுதான் முழு உண்மை. 'சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது, ஏழு வருடங்களாக இல்லை, மருந்தும் இல்லை' என்று எழுதியிருந்தால் போதும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். பதிமூன்று வருடங்களாக நோயாளிகளின் விவரத்தாளை நிரப்புவதுதான் என் வேலையில் பாதி. எந்த வார்த்தையைப் போட்டால் டாக்டர் அடுத்த தாளுக்குப் போவார், எந்த வார்த்தையைப் போட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் நிமிர்ந்து பார்க்க வைக்கும் வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதினேன். மூச்சுக்குழல் ஒவ்வாமை, அவசர சிகிச்சை வரலாறு, நெபுலைசர் தேவைப்பட்டது, ஈரப்பதமும் பூஞ்சையும் தூண்டக்கூடும். வருடத்தை மட்டும் எழுதவில்லை. ஒரு பொய்கூட இல்லை, நித்தி. உண்மையையே எடுத்து பயமுறுத்துகிற மாதிரி அடுக்கினேன். நீ பக்கத்து அறையில் கட்டுரையைப் பன்னிரண்டாவது முறை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு நன்றாகக் கேட்டது.

மார்ச் மாதம் அந்த நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் எனக்குப் போன் செய்தார். மருத்துவ விஷயம் என்பதால் பெற்றோர் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்களாம். மதிய இடைவேளை, கூடத்தின் பின்படியில் நின்று பேசினேன். கன்னடத்தில் மரியாதையாகப் பேசினார். உங்கள் பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்றுதான் ஆரம்பித்தார். அவன் அனுப்பிய பதிவுகளை அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம், பட்டணத்துச் சாக்கடை ஓரத்தில் இத்தனை வகையா என்று எங்கள் மூத்த ஆய்வாளரே வியந்துபோனார் என்றார். ஒரு பதிவின் கடைசியில் யாரோ 'நித்தி, தோசை ஆறுது, வாடா' என்று கூப்பிடும் குரல் இருக்கிறது, அது நீங்கள்தானே மேடம் என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்: பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர், அதனால் போகலாம் என்று ஒரு டாக்டரின் கடிதம் மட்டும் பத்து நாளில் அனுப்புங்கள், இடத்தை உங்களுக்காகப் பிடித்து வைக்கிறேன். எனக்கு அந்தக் கடிதம் வாங்க பத்து நாள் எதற்கு? மாடிப்படி ஏறினால் டாக்டர். உன்னை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கேட்டிருந்தால் நின்றபடியே எழுதிக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்கும் பதில் போடவில்லை. பத்து நாளும் உனக்கு வேளைக்குச் சாப்பாடு போட்டேன், உன் சட்டைகளைத் தேய்த்தேன், தவளை முகாமிலிருந்து ஏதாவது வந்ததா என்று நீ கேட்டபோது "வரும் வரும்" என்றேன்.

உனக்கு வந்தது ஒற்றை வரி. இந்த ஆண்டு உங்களுக்கு இடம் தர இயலவில்லை. அதை ஃப்ரிஜ் கதவைத் திறந்து வைத்தபடி நின்றே படித்தாய். கதவு திறந்திருந்தால் அது பீப் பீப் என்று கத்துமே, அது கத்தி ஓய்கிறவரை நீ நகரவில்லை. பிறகு மோரை எடுத்துக் குடித்தாய். "பரவால்லம்மா. நமக்கு அதெல்லாம் சுமாராத்தான் வருது போல. மீதி நாலு இருக்குல்ல." அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் உன் முகத்தில் கோபமே இல்லை. நீ உன்மேல் வைத்திருந்த மதிப்பை அந்த நிமிடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாய், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, நான்தான் என்று சொல்ல தைரியம் வரவில்லை. அந்த வாரமே போனில் இடம் இல்லை என்று இருபத்தாறு பதிவுகளையும் அழித்தாய். பிறகு புனே முகாமுக்குப் போனாய். திரும்பி வந்து பொருளாதாரம் என்று முடிவு செய்தாய். முகாம் நடந்த அதே கல்லூரி, அதே ஊர். கேட்டவர்களிடமெல்லாம், "பையாலஜி நமக்கு வராது அங்கிள், ட்ரை பண்ணிப் பாத்துட்டேன்" என்று சொன்னாய். ஒவ்வொரு முறையும் அந்த வரி என்மேல் விழுந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் மூச்சுக்குப் பயந்து என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய், நானும் ஒரு வருடம் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் புனேயில் வீசிங் வராதா? அங்கே மூன்று வாரம் அனுப்ப நான் ஒரு கேள்வி கேட்கவில்லையே. அந்த நிலையத்தின் அறிவிப்பில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இங்கே செல்பேசி சிக்னல் கிடையாது, மாணவர்கள் வாரம் ஒரு முறை அலுவலக போனில் வீட்டுக்குப் பேசலாம். நான் முதலில் படித்தது அந்த வரியைத்தான். நாலு வாரம், நாலு போன். உன் அப்பா மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூரில். எனக்குத் திருப்பத்தூரிலிருந்து இங்கே வந்தபின் கூட வேலை செய்கிறவர்கள் உண்டு, அக்கம்பக்கம் உண்டு, சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது. இருபது வயதில் கல்யாணம், அடுத்த வருடம் நீ. நான் யாரிடமாவது மனம்விட்டுப் பேசினேன் என்றால் அது உன்னிடம்தான், அதுவும் நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பிருந்தே. அந்த நாலு வாரத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. அதற்காக உன் மூச்சைச் சாட்சிக்கு இழுத்தேன். இதுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

போன மாதம் அப்பா வந்திருந்தபோது அவரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல." "சொல்ற தூரத்துல எங்கங்க இருந்தீங்க?" அவர் உன் டீஷர்ட் ஒன்றை எடுத்து, "இத விட்டுட்டுப் போயிருக்கான் பாரு," என்றார். அன்றைக்கு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த நாள் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது," என்றார். மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் மெஸ்ஸில் என்ன சாப்பாடு என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

இப்போது நீ இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று எழுதி உன் மனதைக் கரைக்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், நீ சிரிக்கலாம். நேற்று இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு பெண் போன் செய்தாள், தமிழ்ப் பெண். வேண்டாம்மா என்று சொன்ன நான் போனை வைக்காமல், எந்த ஊர்மா நீ என்று கேட்டேன். சேலம்க்கா என்றாள். சாப்பிட்டாயா என்றேன். "இன்னும் இல்லக்கா, டார்கெட் முடியல," என்றாள். ஆறு நிமிடம் பேசியிருக்கிறோம். அந்த நாலு வாரத்துக்குப் பயந்தவள் இப்போது இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டேன். முடிகிறது. அழகாக முடியவில்லை, ஆனால் முடிகிறது. அன்றைக்கே தெரிந்திருந்தால் உன்னை விட்டிருப்பேனோ என்னவோ. அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வாரம் முன்பு எழுதினேன். உங்களுக்கு நான் எழுதிய மருத்துவ விவரம் பழையது, கடிதம் அனுப்பாமல் விட்டது நான், பையனுக்கு எதுவும் தெரியாது என்று. நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. திட்டவில்லை. அவர் உன் பதிவுகளை இன்னும் வைத்திருக்கிறார்; போன மழைக்காலத்தில் வந்த மாணவர்களுக்கு நகரத்துத் தவளைகள் என்று போட்டுக் காட்டினாராம். நீ அழித்த இருபத்தாறும் அங்கே இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு ஜூன் மாதம் ஒரு மழைக்கால முகாம் உண்டு, எந்தப் பாடம் படிப்பவரும் வரலாம், அடுத்த மாதம் பதினைந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் அவன் விருப்பப்பட்டு அவனே எழுத வேண்டும் என்றார். படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு கட்டத்தையும் நான் நிரப்பவில்லை. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு அதில் பெற்றோர் பக்கமே கிடையாது. உடல்நலம் பற்றியும் நீயே எழுத வேண்டும். உனக்குத் தேவைப்படும் என்றுதான் மேலே விவரம் எழுதியிருக்கிறேன்: நாலாம் வகுப்பு, ஒன்பது வயது, அதற்குப் பிறகு இல்லை.

நீ போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பொருளாதாரம் உண்மையிலேயே பிடித்திருக்கலாம். புனேயிலிருந்து திரும்பியபோது ஒரு வாரம் விலைவாசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய், கண்ணில் வெளிச்சம் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? போடாமலும் இருக்கலாம். ஆனால் எதை முடிவு செய்தாலும், உனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு முடிவு செய்யாதே. உனக்கு வந்தது. அவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இல்லை என்று ஆக்கியது நான்.

சுமா மேடத்துக்குக் கொடுக்க வேண்டிய கையேட்டுக் குறிப்பாக, நீ சம்மதித்தால், இதையே சுருக்கித் தருவதாக இருக்கிறேன். இந்த வருடமும் எத்தனையோ வீடுகளில் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்றுக்கு மேல் விண்ணப்பியுங்கள், ஆசிரியரிடம் மூன்று வாரம் முன்பே கடிதம் கேளுங்கள், ஒரே கட்டுரையை ஐந்துக்கும் அனுப்பாதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லுவார்கள். பிள்ளை எந்த முகாமுக்குப் போனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறதோ, அந்தப் படிவத்தைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்புங்கள், பயத்தை அவனிடமே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லலாம். "நீ போனா எனக்குப் பேச ஆளில்லடா" என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? சிரித்திருப்பாய். போயிருப்பாய். வாரம் ஒரு முறை வரிசையில் நின்று பேசியிருப்பாய். வேண்டாம் என்றால் சொல், இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும், அவர்களுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுப்பார்கள்.

நீ இப்போதெல்லாம் நான் எது அனுப்பினாலும் "ஓகேம்மா" என்று பதில் போடுகிறாய். மழை பெய்கிறதா, ஓகேம்மா. சளி மாத்திரை வாங்கினாயா, ஓகேம்மா. இதைப் படித்துவிட்டு அதை மட்டும் அனுப்பாதே. கோபம் வந்தால் திட்டு. நாலு நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, நாலு வாரம் என்றாலும் இரு. நான் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டேன். எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது நீயே கூப்பிடு, என்ன கேட்க வேண்டுமோ கேள்.

அம்மா